நூல் அறுந்தால் யார் ஒட்டுவது: ஊர்க் கதையை நாடகமும் ஆட்டமுமாக ஆக்குவது எப்படி

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு ஊர். மாரியம்மன் கோயில் முன்னால் எங்கள் மில் நாடகத்தின் முதல் ஆட்டம். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அப்போது வட்டத்துக்குள் நடந்துகொண்டிருந்தது இதுதான்: நூற்பாலை விடுதியில் தங்கி வேலை பார்க்க, அதாவது மில் கேம்புக்கு, மகளை அனுப்பும் தாய், புரோக்கரிடம் முன்பணம் வாங்குகிறாள். நடித்த பெண் எச்சிலைத் தொட்டுத் தொட்டு நோட்டை எண்ணினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. காட்சி நன்றாக எடுபடுகிறது என்று நானும் ஓரமாக நின்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் விசாரித்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அப்புறம் சொன்னார்: "எம் மக அங்கதான் இருக்கா. நான் நோட்ட எண்ணல தாயி. நாளத்தான் எண்ணிக்கிட்டு இருக்கேன்."

இருபது வருஷத்துக்கு மேல் கலைக்குழுவில் இருந்தவள் நான். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, பள்ளிக்கூடம் முடித்த கையோடு கலைக்குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் பாடியவள். பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் ஓட்டப் பழகியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அவ்வளவு பார்த்தும் அந்த எச்சில் தொட்ட விரலில் என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாடகத்தை மறுபடி கட்டிய விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். "அக்கா, ஒரு விழிப்புணர்வு நாடகம் போடணும், ஸ்கிரிப்ட் இருந்தா குடுங்க" என்று கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி போன் செய்கிறார்கள். ஸ்கிரிப்ட் கடைசியில்தான் வரும் என்று போனில் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

பொருளைச் சுருக்குங்கள்

பெண் கல்வி, சுற்றுச்சூழல், மது ஒழிப்பு எல்லாம் கட்டுரைப் போட்டித் தலைப்புகள். அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முழக்கம்தான் வரும். உங்கள் பொருள் ஒரு வீட்டுக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருங்க வேண்டும்.

எங்கள் பொருள் சுமங்கலித் திட்டம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: நூற்பாலைக்கு வயசுப் பெண்களை மூன்று வருஷத்துக்கு எடுப்பார்கள். தங்குவது மில் வளாகத்துக்குள்ளேயே உள்ள விடுதியில். மாசாமாசம் கொஞ்சம் கூலி. மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக 30,000, 40,000, 50,000 ரூபாய். நடுவில் உடம்பு முடியாமல் வெளியே வந்தால் அந்த மொத்தம் பெரும்பாலும் கைக்கு வராது. கேம்ப் கூலி என்பது ஊர்ப்பேச்சு. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும், கேம்ப் என்ற சொல் மட்டும் மாறவில்லை.

"சுமங்கலித் திட்டக் கொடுமைகள்" என்றுதான் முதலில் நோட்டில் எழுதி வைத்திருந்தோம். புரோக்கர் வில்லன், தாய் பேராசைக்காரி, பெண் அழுகிறாள், கடைசியில் எல்லோரும் கையை உயர்த்திப் பாடுகிறோம். அந்த அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்து அதை அடித்துவிட்டு ஒரு கேள்வியை எழுதினோம்: "பதினாறு வயசுப் பெண்ணை மூன்று வருஷம் அனுப்புவதா வேண்டாமா என்று ஒரு வீடு ராத்திரி உட்கார்ந்து எப்படி முடிவு பண்ணுகிறது?" கேள்வி இப்படி வந்துவிட்டால் ஆட்கள் வந்துவிடுவார்கள், இடம் வந்துவிடும், சிம்னியோ டியூப்லைட்டோ அதுவும் வந்துவிடும்.

வேலை செய்துகொண்டே கேளுங்கள்

நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தால், சர்வே எடுக்க வந்தவர்களுக்குச் சொல்லும் பதிலைத்தான் உங்களுக்கும் சொல்வார்கள். கையில் ஏதாவது வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் மல்லிகை உண்டு. பூக்கட்டும் திண்ணைகளில் போய் உட்கார்ந்தோம். என் கண்ணி தளர்ந்து தளர்ந்து போகும். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்கள்.

"உனக்கு அங்கே என்ன பிரச்சினை?" என்று கேட்காதீர்கள். "காலையில எத்தன மணிக்கு எந்திரிப்ப?", "பக்கெட் யாரோடது?", "தலை எப்பக் குளிப்ப?" என்று கேளுங்கள். தலை குளிக்கும் கதையில் இருந்துதான் பஞ்சுத்தூசி வந்தது. இரண்டு தரம் ஷாம்பு போட்டாலும் காதோரம் வெள்ளை போகாதாம். ஊருக்கு வந்தால் "அதுக்குள்ள நரைச்சிருச்சா" என்று தம்பி கேலி செய்வானாம். இந்த ஒரு வரி போதும், அரை நாடகத்துக்கு.

கேட்டதில் இன்னொன்று. கேம்பில் இருந்து வந்த ஒரு பெண், முதல் வாசிப்பைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அக்கா, சும்மா அழுதுக்கிட்டே இருக்க மாதிரி காட்டாதீங்க. நாங்க அங்க சிரிச்சிருக்கோம். பர்த்டேக்கு மேக்கப் போட்டு ஆடியிருக்கோம்." அவள் சொன்னபிறகுதான் அந்த வேடங்களுக்கு உயிர் வந்தது. பாவப்பட்டவர்களை மட்டும் காட்டும் நாடகம் பார்க்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம் கொடுக்கிறது. உச்சுக் கொட்டிவிட்டுப் போய்விடலாம்.

ஒப்புதல் விஷயத்தில் நான்கு காரியங்களை நாங்கள் விடாமல் செய்கிறோம். போனில் பதிவு செய்வதில்லை. ஊர், வயசு, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதையெல்லாம் மாற்றிவிடுகிறோம். ஒரே ஆளின் கதையை முழுசாக எடுக்காமல் நான்கைந்து பேரிடம் இருந்து பிரித்துச் சேர்க்கிறோம். அப்புறம், சொன்னவர்களுக்குத்தான் முதலில் ஆடிக் காட்டுகிறோம். அவர்கள் வேண்டாம் என்றால் அந்தக் காட்சி கிடையாது, எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் சரி. அப்படி இரண்டு காட்சி போயிருக்கிறது. ஒன்றை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது, ஆனாலும் போனது போனதுதான்.

கையில் இருந்து ஆட்டத்தை எடுப்பது

எனக்குப் பிடித்த இடம் இது, கொஞ்சம் நீட்டுவேன்.

வேலை பார்த்தவர்களிடம், "சொல்ல வேண்டாம், செஞ்சு காட்டு" என்று கேளுங்கள். நூல் நூற்கும் எந்திரமான ரிங் ஃபிரேமில் நூல் அறுந்தால் ஒட்டுவதை ஒரு பெண் எங்களுக்குச் செய்து காட்டினாள். நூலைச் சுற்றிக்கொள்ளும் குழலான பாபினை, அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கையால் நிறுத்துகிறாள். மற்றக் கை அறுந்த முனையைத் தேடி மேலே இழுக்கிறது. டிராவலர் என்ற சின்னக் கம்பி வளையத்துக்குள் கோர்த்து, மேல் உருளையில் இருந்து வருகிற பஞ்சோடு சேர்த்து ஒரு தட்டு. விட்டுவிடுகிறாள், அடுத்ததுக்கு நகர்கிறாள். கண் ஏற்கெனவே மூன்றாவதில் இருக்கிறது. அவ்வளவும் நாம் ஒரு தரம் மூச்சு விடுவதற்குள்.

இதை ஆட்டமாக்க நாங்கள் செய்தது: அந்த வேலையை நான்கு அசைவாகப் பிரித்தோம். நிறுத்து, தேடு, கோர், தட்டு. நாலு அசைவுக்கு எட்டு எண்ணிக்கை. எட்டுப் பேரும் வரிசையில் நின்று ஒரு மணி நேரம் அதையே செய்தோம், இசை இல்லாமல். முதல் பத்து நிமிஷம் அழகாக இருக்கும். இருபதாவது நிமிஷம் தோள் வலிக்கும். நாற்பதாவது நிமிஷத்தில் யாரும் அழகைப் பற்றி நினைப்பதில்லை, அப்போது வரும் அசைவு இருக்கிறதே, அதுதான் வேண்டும். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு விளையாடலாம்: பாதி வேகத்தில் செய்து பாருங்கள், இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள், ஒருவர் மட்டும் ஒரு எண்ணிக்கை பிந்தட்டும். எட்டுப் பேரில் ஒருத்தி பிந்துகிற இடத்தில் பார்ப்பவர்களின் கண் தானாக அவளிடம் போய் நிற்கும். வசனம் தேவையில்லை.

அடுத்தது, இதற்கு ஊரில் இருக்கிற ஆட்ட வடிவம் எது என்று பார்க்க வேண்டும். நாங்கள் கும்மியை எடுத்தோம். பெண்கள் ஆடுவது, வட்டம், கைத்தட்டு, குனிந்து நிமிர்வது. எல்லாம் எங்களுக்குத் தோதாக இருந்தது. நாடகம் திருவிழாக் கும்மியாகத் தொடங்கும். மூன்றாவது சுற்றில் கைத்தட்டு ஒன்று குறையும், அந்த இடத்தில் "நிறுத்து" வரும். அடுத்த சுற்றில் "தேடு". ஏழாவது சுற்றில் கும்மி முழுசாக மில்லாகிவிடும், எப்போது மாறியது என்று யாருக்கும் தெரியாது. இந்த மாற்றத்துக்கு மட்டும் பதினொரு நாள் ஒத்திகை பார்த்தோம்.

தாளம் பறை. பறை வாசிப்பவரை "எஃபெக்ட்" கொடுக்க ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள், அவரும் வட்டத்துக்குள் ஆடட்டும். மில்லின் இரைச்சலை அடிக்குச்சி, சிண்டுக்குச்சி இரண்டையும் வைத்தே கொண்டுவந்தார் எங்கள் தம்பி: சிண்டுக்குச்சி விடாமல் பொடியாக ஓட, அடிக்குச்சி எப்போதாவது ஒன்று. அந்தப் பொடி அடி சட்டென்று நின்றால், கூட்டத்தில் மில்லுக்குப் போனவர்கள் யார் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பரதம் படித்த பிள்ளைகள் வந்தால் "பாபினுக்கு என்ன முத்திரை வைக்கலாம்?" என்று கேட்பார்கள். முத்திரை தேட வேண்டாம், பாபின் பிடித்த கையைப் பாருங்கள் என்பேன். அவர்கள் கற்றதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. முழங்காலை மடக்கிய அரைமண்டியில் அவ்வளவு நேரம் நிற்க முடிகிற கால் எங்களுக்கு இல்லை. நடனக் கலைஞர் சந்திரலேகா 1985-ல் 'அங்கிகா'வில் பரதத்தோடு யோகாவையும் களரியையும் சேர்த்தபோது, உடம்பில் இருக்கிற பலத்தைத்தான் முன்னால் வைத்தார்; நகையும் புராணமும் பின்னால் போய்விட்டன. அந்த வழியில் யோசித்தால் பரதக்காரர்களுக்கு நிறைய இடம் இருக்கிறது.

கணக்குப் போடும் காட்சி

பழைய வில்லன் புரோக்கரைக் கழற்றிவிட்டு, தாயும் தகப்பனும் கணக்குப் போடும் காட்சியை வைத்தோம். தரையில் சாக்பீஸ். தாய் எழுதுகிறாள்: மூத்தவளுக்கு வாங்கிய கடன் இவ்வளவு, வட்டி இவ்வளவு, மழை இல்லாத வருஷம் இரண்டு, கல்யாணத்துக்கு எத்தனை பவுன் கேட்பார்கள். எழுதிக்கொண்டே வருபவள் "இங்க இருந்தா அவள யாரு பாத்துக்குவா? நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவோம்" என்று அதையும் ஒரு வரியாக எழுதுவாள். கேம்பில் காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது என்பது அவளுக்குப் பயமாகவும் இருக்கிறது, தைரியமாகவும் இருக்கிறது. தொகை வருகிறது. கேம்ப் கொடுப்பதாகச் சொல்லும் மொத்தத்தைப் பக்கத்தில் எழுதுகிறாள். இரண்டும் ஏறக்குறைய சரியாக வரும். அந்த இடத்தில் யாரும் எதுவும் பேசமாட்டார்கள், பதினைந்து நொடி.

இந்தக் காட்சியில் சிரிப்பு வராது என்று பயந்தோம். கட்டியக்காரனைக் கொண்டுவந்தது அதற்குத்தான். கூத்தில் அவனுக்கு இருக்கிற சுதந்திரம் வேறு யாருக்கும் கிடையாது. ராஜாவையும் கேலி செய்வான், கூட்டத்தையும் கேலி செய்வான். எங்கள் கட்டியக்காரி ஒரு பெண். தரையில் எழுதிய கணக்கை எட்டிப் பார்த்து, "எல்லாஞ் சரி ஆத்தா, இந்தப் பிள்ளை மூணு வருசத்துல எத்தன இஞ்ச் வளரும்னு எழுதலியே" என்று கேட்பாள். சிரிப்பு வரும், பாதியில் நின்றுவிடும்.

வில்லனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கெட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் பார்க்க வந்தவர்களில் யார் தங்களைத் தாக்குகிறார்கள் என்று நினைப்பார்கள் என்பதை முன்கூட்டி யோசியுங்கள். தட்டிக்கேட்க முடியாதவர்களைக் கேலி செய்வது சுலபம், நாங்கள் செய்ததும் அதைத்தான்.

இடம், நேரம், போலீஸ்

வட்டத்துக்கு இருபதடி குறுக்களவு போதும். குழந்தைகளை முன்னால் உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் அவர்களே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். எதிர்க்காற்றில் கத்தினால் மூன்றாவது ஊரில் தொண்டை போய்விடும். மைக் வைக்காமல் இருக்கப் பாருங்கள். மைக் வைத்தால் ஆட்கள் மைக்கிடம் போய் ஒட்டிக்கொள்வார்கள், ஆட்டம் போய்விடும். முப்பது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

நேரத்தைப் பெண்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், தலைவரிடம் இல்லை. எங்கள் பக்கம் ஏழு மணி சரி. சோறு வடித்து முடித்திருப்பார்கள். அரை மணி முன்னாலேயே வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்ச ஆரம்பித்துவிடுங்கள். தோல் இறுகுவதற்கும் ஆகும், கூட்டம் சேர்வதற்கும் ஆகும். தனி விளம்பரம் தேவையில்லை.

அனுமதி. நாடகத்துக்கு முன்கூட்டி ஸ்கிரிப்ட் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். அதற்கு அடிப்படையாக இருந்த 1954-ம் வருஷத்துத் தமிழ்நாட்டு நாடகச் சட்டத்தை, 'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2013-ல் செல்லாது என்று சொல்லிவிட்டது. வெள்ளைக்காரன் 1876-ல் போட்ட நாடகச் சட்டமும் 2017-க்குப் பிறகு இல்லை. ஆனால் ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு மேல் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்க, பஞ்சாயத்துத் தலைவருக்கும் ஸ்டேஷனுக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, சீல் வைத்த நகலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களை ஒரு ஊரில் பாதியில் நிறுத்தினார்கள். அந்த நகல்தான் காப்பாற்றியது.

பயம் நியாயமானதுதான். 1989 ஜனவரி 1 அன்று டெல்லி பக்கத்து சாகிபாபாத்தில் தெருநாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே நாடகக் கலைஞர் சப்தர் ஹாஷ்மியைத் தாக்கினார்கள், மறுநாள் இறந்துபோனார். ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மொலோயஸ்ரீயும் குழுவும் அதே இடத்துக்குப் போய் அதே நாடகத்தை ஆடி முடித்தார்கள். எனக்கு அவ்வளவு தைரியம் இருக்கிறதா என்று கேட்டால் பதில் தெரியாது. உள்ளூர் ஆட்கள் நாலு பேர் கூட இல்லாமல் எந்த ஊருக்கும் போவதில்லை என்பது மட்டும் எங்கள் வழக்கம்.

பாதியில் நிறுத்துவது

கணக்குக் காட்சி முடிந்ததும் கட்டியக்காரி ஆட்டத்தை நிறுத்திவிடுவாள். "இப்ப என்ன செய்யட்டும்? அனுப்பட்டுமா, வேண்டாமா?" என்று கூட்டத்தைக் கேட்பாள். பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் செய்த முறை இது. அவர் முறைப்படி பார்வையாளர் எழுந்து வந்து பாத்திரத்தின் இடத்தில் நின்று தானே நடித்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்களில் மாமனார், கொழுந்தன் முன்னால் ஒரு பெண்ணை நடுவட்டத்துக்கு வா என்றால் வரமாட்டாள். அதனால் உட்கார்ந்த இடத்தில் இருந்தே சொல்லட்டும் என்றோம். அவள் சொன்னதை எங்கள் ஆள் உடனே நடித்துக் காட்டுவாள், "இப்படியா அக்கா?" என்று கேட்பாள். "இல்ல, அப்படிக் கத்தக் கூடாது, மெதுவாக் கேளு" என்று திருத்துவார்கள். நாலைந்து தரம் திருத்தியபிறகு, சொன்னவளே எழுந்து நின்றிருப்பாள்.

இதற்கு நடிகர்கள் தயாராக இருக்க வேண்டும். எந்த யோசனை வந்தாலும் "அதெல்லாம் நடக்காது" என்று முகத்தில் காட்டக்கூடாது. அதே நேரம் தகப்பனாக நடிப்பவன் சுலபமாக மனம் மாறிவிடவும் கூடாது. கடன்காரன் மறுநாள் காலையில் வருவான், அதை அவன் மறந்துவிட்டால் விளையாட்டாகிவிடும்.

ஆட்டம் முடிந்தபின் யாராவது தனியாக வந்து ஏதாவது சொல்வார்கள். நிச்சயம் வருவார்கள். அதற்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள். எங்களோடு தொழிற்சங்கத்து அக்கா ஒருவர் வருவார். குழந்தைகள் விஷயம் என்றால் உதவி எண் 1098, பெண்களுக்கு 181. இரண்டையும் நோட்டீஸாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள் என்று, கும்மியின் கடைசிச் சுற்றில் எண்ணைப் பாட்டாக வைத்துவிட்டோம். பிள்ளைகள் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போகும்.

பணம்

சுருக்கமாக: வேன், சாப்பாடு, ஆடுபவர்களுக்குச் சம்பளம். மூன்றாவதை விட்டுவிட்டு "சேவை" என்று சொல்கிறவர்களோடு சேராதீர்கள். பணம் கொடுக்கிற நிறுவனம் கடைசியில் ஒரு வாசகத்தைச் சொல்லச் சொல்லும், பேனரை நடுவில் கட்டச் சொல்லும். பேனர் கட்டலாம், வட்டத்துக்கு வெளியே. வாசகத்துக்கு நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் ஒரு வருஷத்துப் பணம் போயிருக்கிறது.

கோன்

நாடகத்தில் நாங்கள் பயன்படுத்தும் பொருள் ஒன்றே ஒன்று, ஒரு கோன் நூல், அதாவது கூம்பில் சுற்றிய நூல். கும்மி மில்லாக மாறும்போது நூலைக் கைமாற்றிக்கொண்டே வட்டத்தைச் சுற்றி இழுப்போம். பிந்துகிற பெண்ணிடம் வரும்போது அது அறுபடும், அவள் ஒட்டப் பார்ப்பாள், முடியாது. அங்கே பறை நிற்கும். அப்படித்தான் முடித்திருந்தோம்.

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு ஊரில், பறை நின்றதும், பின்னால் இருந்து ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். மில்லில் கோன் வைண்டிங்கில், நூலைக் கோனில் சுற்றும் பிரிவில், இருந்தவராம். எங்கள் பெண்ணின் கையில் இருந்து இரண்டு முனைகளையும் வாங்கி, "இப்படியா போடுவ?" என்று கேட்டுக்கொண்டே, ஒரு கை விரல்களுக்குள்ளேயே முடிச்சைப் போட்டு, பல்லால் மிச்ச நுனியைக் கடித்துத் துப்பினார். முடிச்சு கண்ணுக்கே தெரியவில்லை. அப்புறம் அவர் போகவில்லை, அங்கேயே நின்று எத்தனை வருஷம் வேலை பார்த்தார், வெளியே வரும்போது கையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

இப்போது அந்த இடத்தில் நாங்கள் முடிப்பதில்லை. நூல் அறுந்ததும் இரண்டு முனையையும் கூட்டத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கிறோம். சில ஊரில் யாரும் வருவதில்லை, நின்றுகொண்டே இருக்கிறோம், கை கடுக்கும். சில ஊரில் மூன்று பேர் சேர்ந்து வந்து யார் முடிச்சு நல்ல முடிச்சு என்று போட்டி போடுவார்கள், பிள்ளைகள் மிச்ச நூலை உருவிக்கொண்டு ஓடிவிடும். அதனால் ஆட்டத்துக்கு இரண்டு கோன் எடுத்துப் போங்கள்.